வினாவும் விடையும்: அறிவுப் போட்டிகளுக்குத் தமிழ் மரபு தரும் அளவுகோல்

1. முன்னுரை

வினவுதல் மக்கட்கு இயல்பு. பேசத் தொடங்கிய குழவி முதற்கண் பொருள்களின் பெயரை வினவும். பின்னர் அவற்றின் காரணத்தை வினவும். அறிவு வளர்வது இவ்விரு வினாக்களாலேயே என்பது எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. இவ்வியல்பினை அடியாகக் கொண்டு, பல துறைச் செய்திகளையும் வினாக்களாகத் தொடுத்து, விரைந்து விடை கூறுவோர்க்குப் பரிசில் வழங்கும் போட்டிகள் இக்காலத்துப் பெருகியுள்ளன. பள்ளி, கல்லூரி, வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ் ஆகிய எல்லாவிடத்தும் அவை இடம்பெறுகின்றன. நம் நாட்டில் பொதுமக்கள் கலந்துகொள்ளும் இவ்வகைப் போட்டி 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓபிரையன் என்பாரால் நடத்தப்பெற்றது. 1972-இல் போர்ன்விட்டா போட்டி வானொலியில் தொடங்கியது. அரசுப் பணிக்குரிய தேர்வுகளும் பெரும்பாலும் இம்முறையைத் தழுவியே அமைகின்றன.

இவற்றைக் காணும் ஆய்வாளர் உள்ளத்தே ஓர் ஐயம் எழுதல் கூடும். இவ்வினாக்கள் அளப்பது எதனை? நினைவாற்றலையா, அறிவையா, அன்றி விரைவை மட்டுமா? நல்ல வினாவிற்கும் தீய வினாவிற்கும் வேற்றுமை யாது? இவ்வையத்தைக் களைதற்கு அயல்நாட்டு உளவியல் நூல்களை நாடுவோர் பலர். அவற்றின் பயனை மறுத்தற்கில்லை. எனினும், வினாவையும் விடையையும் இலக்கணப் பொருளாகவே கொண்டு ஆராய்ந்த மொழி தமிழ். அவ்வாராய்ச்சியின் முடிபுகள் இற்றைப் போட்டிகட்கும் தேர்வுகட்கும் அளவுகோலாக நிற்கவல்லன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயராராய்ச்சி

இப்போட்டிக்குத் தமிழில் வழங்கும் பெயர் ‘வினாடி வினா’ என்பது. ஓசை இயைபினால் நாவிற்கு இனிதாக அமைந்த இத்தொடரில் ‘வினாடி’ என்பதும் ‘வினா’ என்பதும் ஒருவேர்ச் சொற்கள் போலத் தோன்றும். ஆயின் அவை வேறு வேறானவை. வினா என்பது வினவு என்னும் வினையோடு தொடர்புடைய தமிழ்ச்சொல். வினாடி என்பது விநாடி என எழுதற்குரிய வடசொல். காலத்தின் ஒரு கூற்றைக் குறிப்பது. பழைய கணக்கின்படி ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 60 விநாடி. ஆகவே ஒரு நாழிகை இற்றை 24 நிமிடத்திற்கும், ஒரு விநாடி இற்றை 24 நொடிக்கும் ஒப்பாகும். நிமிடத்தின் அறுபதில் ஒரு கூற்றை விநாடி என வழங்குதல் பிற்கால வழக்கு.

ஈண்டு ‘நொடி’ என்னும் சொல் கருதத்தக்கது. கைந்நொடிப் பொழுது என்னும் பொருளில் அது காலத்தைக் குறிக்கும். நொடிதல் என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் பழைய நூல்களில் உண்டு. விடுகதைக்கும் நொடி என்பது பெயர். ஈழத்தமிழர் இன்றும் விடுகதையை நொடி என்றே வழங்குவர். தொல்காப்பியர் செய்யுளியலில், அடிவரையறை இல்லாத ஆறனுள் ஒன்றாகப் பிசியைக் கூறுமிடத்து, அதனை நொடியோடு சேர்ந்ததாகவே கூறுகின்றார். இலக்கணத்தில் பயின்ற சொல் ஒன்று ஈழத்துச் சிற்றூர்ச் சிறுவர் நாவில் அழியாது நிற்றல் வியப்பிற்குரியது. விரைந்த காலம், புதிரான வினா என்னும் இரண்டனையும் ஒரு சொல்லே தாங்கி நிற்றலின், இற்றைப் போட்டிக்குரிய இயல்புகள் இரண்டும் ‘நொடி’ என்னும் பழஞ்சொல்லில் அடங்கியுள்ளன எனலாம்.

3. இலக்கண நூல்களில் வினாவும் விடையும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், திணை பால் முதலியவற்றில் வழுவாமற் பேசும் முறையைக் கூறுவது. அவ்வியலிலேயே வினாவையும் செப்பையும் வழுவாமற் காத்தல் வேண்டும் என்னும் விதி இடம்பெறுகின்றது. செப்பு என்பது விடை. வினாவிற்கு எதிராக வருமாயின் வினாவும் செப்பாகும் என்பது அடுத்த விதி. செப்புச் சிறிது வழுவினும், வினாவிய பொருளோடு இயைபுடையதாயின் தள்ளப்படாது என்பதும் அவர் கருத்து. திணைவழுவையும் பால்வழுவையும் போலவே வினாவழுவையும் விடைவழுவையும் அவர் மொழிக் குற்றங்களாகக் கண்டனர் என்பது இதனாற் போதரும். எனவே, வினா பிழையாதலும் கூடும் என்பதே நாம் முதற்கண் கொள்ளத்தக்க முடிபு. போட்டியிலும் தேர்விலும் விடையின் பிழையை மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு இது பெரிதும் வேண்டப்படுவது.

வினா எத்துணை வகைப்படும் என்பதில் உரையாசிரியர் வேறுபடுவர். சேனாவரையர் அறியான் வினா, ஐயவினா, அறிபொருள்வினா என மூன்றாகப் பகுப்பர். அறியாமை காரணமாக வினாவுதல், ஐயம் நீங்க வினாவுதல், தம் அறிவும் பிறர் அறிவும் ஒத்துள்ளனவா எனக் காண்டல், எதிரியின் அறிவைத் தாம் அறிதல், மெய்ம்மையை எதிரிக்குக் காட்டுதல் என ஐந்தாகப் பகுத்தலும் உரைமரபில் உண்டு. நன்னூலார் அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறு கூறுவர்.

இப்பாகுபாடுகளை இற்றைப் போட்டியோடு வைத்து நோக்குவோம். போட்டியில் வினாவுவோர் விடையறிந்தே வினாவுகின்றனர். ஆகலின் அது சேனாவரையர் கூறிய அறிபொருள்வினா. நன்னூலார் கூறிய அறிவினா. ஐந்தாகப் பகுத்தவாறு நோக்கின் அது நான்காவதாகிய எதிரியின் அறிவைத் தாம் அறிதல் என்பதன்பாற் படும். ஆயின் ஐந்தாவதாகிய மெய்ம்மை காட்டல் என்பதும் அறிபொருள்வினாவின் பயனேயாம். ஆசிரியர் மாணாக்கனை வினாவுவது அவன் அறிவை அளத்தற்கு மட்டுமன்று. வினாவின் வாயிலாக அவனை உண்மைக்கு அழைத்துச் செல்லுதற்குமாம். நான்காவதோடு நின்றுவிடும் வினா அளவுகோல் மட்டுமே. ஐந்தாவதையும் தழுவிய வினா கல்வியாகும். ஒரே செய்தியை இருவகையாலும் வினாவலாம். ‘நாழிகை ஒன்றுக்கு நிமிடம் எத்தனை?’ என்பது முதல்வகை. ‘ஒரு நாளை 60 நாழிகை எனவும் 24 மணி எனவும் பகுப்பின், ஒரு நாழிகைக்கு நிமிடம் எத்தனை?’ என்பது இரண்டாம் வகை. முன்னையதற்கு நினைவு வேண்டும். பின்னையதற்குச் சிறிது கணக்கு வேண்டும். விடை ஒன்றே எனினும், பின்னைய வினாவைக் கேட்டுத் தோற்ற மாணவனும் ஒன்றைக் கற்றுச் செல்வான்.

விடையினை எட்டாகப் பகுத்தவர் பவணந்தியார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்பன அவை. வழி யாது என்றார்க்கு இது என்றல் சுட்டு. செய்வாயா என்றார்க்குச் செய்யேன் என்றல் மறை. செய்வேன் என்றல் நேர். இம்மூன்றும் வெளிப்படை. நீ செய் என்றல் ஏவல். செய்யேனோ என்றல் வினாவெதிர் வினாதல். கை வலிக்கின்றது என்றல் உற்றதுரைத்தல். கை வலிக்கும் என்றல் உறுவதுகூறல். வேறொன்று செய்வேன் என்றல் இனமொழி. இவ்வைந்தும் குறிப்பாற் பொருள் தருவன. எனினும் இவற்றையும் விடையாக ஏற்பது நன்னூலார் கொள்கை. மக்கள் உரையாடலில் குறிப்பு விடைகளே மிகுதி. போட்டியோ வெளிப்படை விடையை மட்டும் ஏற்கும். மனிதர் ஒருவரோடொருவர் நிகழ்த்தும் வினாவிடையின் ஒரு சிறு கூறே போட்டியினுள் அடங்கும் என்பதை இதனால் அறிகின்றோம்.

4. பிசியும் விடுகதையும்

யாப்பினாற் செய்யப்படுவனவற்றைப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழாக வகுத்தார் தொல்காப்பியர். இவற்றுட் பிசி என்பது இற்றை விடுகதை. பிதிர், புதிர், வெடி, அழிப்பாங்கதை எனவும் அது வழங்கும். அதனை அவர் இருவகையாக்கினர். ஒப்புமையோடு கூடிய உவமையால் அமைவது ஒன்று. வெளிப்படத் தோன்றும் இயல்பைச் சொல்லி, அதனாற் கரந்த பொருளைத் துணியுமாறு அமைவது மற்றொன்று. முதல்வகைக்கு எடுத்துக்காட்டாகப் பேராசிரியர் உரையில் யானை பற்றிய பிசி ஒன்று காணப்படுகின்றது. அதனுள் யானையின் பேருடல் மலையாகவும், அதன் கோடு பிறையாகவும் உருவகம் பெற்றுள்ளன. இரண்டாம் வகைக்கு நெருப்பினை விடையாகவுடைய பிசி காட்டப்பட்டுள்ளது.

பிசிக்கும் பொது அறிவு வினாவிற்கும் உள்ள வேற்றுமை ஆழ்ந்து நோக்கற்பாலது. பொது அறிவு வினாவில் விடைக்குரிய கருவி வினாவிற்குப் புறத்தே கிடக்கின்றது. ஒரு நாட்டின் தலைநகர் யாது என்னும் வினாவை எத்துணை முறை ஓதினும் அதனுள்ளிருந்து விடை பிறவாது. முன்பே அறிந்தார் கூறுவர், அறியாதார் வாய்மூடியிருப்பர். பிசியிலோ விடைக்குரிய கருவி வினாவினுள்ளேயே பொதிந்துள்ளது. சொல்லப்பட்ட இயல்புகளை ஒன்றோடொன்று பொருத்தி, அவை யாவும் இயையும் பொருளைத் தேடுவார் விடையை அடைவர். ஆகவே கல்லாத பாட்டியும் கற்ற பேரனும் பிசியின் முன் ஒரு நிகரானவர். பல வேளைகளிற் பாட்டியே வெல்லுதலும் உண்டு.

எனினும் பிசிக்குப் புறவறிவே வேண்டா என்று கொள்ளுதல் பொருந்தாது. உரலையும் உலக்கையையும் பாராத சிறுவன் அவற்றைப் பற்றிய விடுகதையை விடுவித்தல் அரிது. ஏற்றம், செக்கு, மத்து, முறம் முதலிய பொருள்கள் வாழ்க்கையினின்று மறையுமாயின், அவற்றைப் பற்றிய விடுகதைகளும் பொருளற்ற ஓசையாகிவிடும். இக்காரணத்தால், விடுகதைத் தொகுப்பு ஒன்று அஃது எழுந்த காலத்து மக்களின் பொது அறிவுக்கு ஒரு சான்றாவணமும் ஆகும். அவர்கள் எதனை யாவரும் அறிந்திருப்பர் எனக் கருதினர் என்பதை அது காட்டும். விடுகதைகளைத் தொகுப்போர் விடையை மட்டும் குறித்தல் போதாது. விடையாகிய பொருளின் வடிவையும் பயனையும் உடன் குறித்தல் வேண்டும். இன்றேல் அடுத்த தலைமுறைக்கு விடையும் ஒரு புதிராகவே நிற்கும்.

5. சொல்விளையாட்டும் கணக்கும்

அறிவை விளையாட்டாக்கிய வேறு இரு துறைகளும் தமிழில் உள. ஒன்று சித்திரகவியுள் அடங்கும் வினாவுத்தரம். தண்டியலங்காரச் சொல்லணியியல் இதனைக் கூறுகின்றது. பல வினாக்களை நிரல்படத் தொடுத்து, அவற்றின் சிறுசிறு விடைகளைச் சேர்த்தால் இறுதி வினாவிற்குரிய விடையாகுமாறு செய்வது இதன் இலக்கணம். இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டில் திருமகளின் பெயராகிய திரு, செல்க என்னும் பொருட்டாகிய ஏகு, கணையின் பெயராகிய அம்பு, அழகின் பெயராகிய அம் என்பன கூடித் திருவேகம்பம் என்னும் தலப்பெயர் முடிகின்றது.

இம்முறையில் எளியதொரு வினாத்தொடரை நாமும் அமைத்துக் காட்டலாம். ஒத்தோன் ஒருவனிடம் இரப்போன் கூறற்குரிய சொல் யாது? மானினத்துள் ஒன்றன் பெயர் யாது? இரண்டும் கூடி மலர்வது யாது? முதல் வினாவிற்கு ‘ஈ’ எனவோ ‘கொடு’ எனவோ விடை கூறின் பிழையாம். இழிந்தோன் ஈ என்றும், ஒப்போன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கூறுதல் தொல்காப்பிய விதி. ஆகவே விடை தா. மானினப் பெயர் மரை. இரண்டும் கூடத் தாமரை மலரும். இதனுள் இலக்கண அறிவும், சொல்லறிவும், சேர்த்துக் காணும் திறனும் ஒருங்கே அளக்கப்படுகின்றன. மேலும், கடைசி விடை பொருந்தாவிடின் முன்னைய விடைகளுள் ஒன்று பிழை என்பதை விடை கூறுவோனே உணர்ந்து திருத்திக்கொள்வான். பிறர் தீர்ப்பை எதிர்நோக்காமல் தன் விடையைத் தானே சரிபார்க்கும் வாயில் இதிலுண்டு.

மற்றொரு துறை கணக்கு. காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரம், அளவைகளையும் கணித முறைகளையும் கூறுவதோடு, கேட்போர் வியக்கும் வினாக்கள் பலவற்றையும் கொண்டுள்ளது. பலாப்பழத்தைப் பிளவாமலே அதனுள் எத்தனை சுளை உள்ளன என்று கூறுவது எவ்வாறு என்பது அவற்றுள் ஒன்று. காம்பினைச் சூழ்ந்த சிறுமுள்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்பது நூலின் விடை. முள் 60 ஆயின், ஆறாற் பெருக்க 360. ஐந்தால் வகுக்க 72.

இவ்விடை மெய்யாகுமா என வினாவின், இற்றை மரநூலறிவு ஒருவாறு தெளிவு தரும். பலா ஒரு தனிமலரின் கனி அன்று. பல மலர்கள் ஒருங்கே திரண்ட கூட்டுக்கனி. புறத்தே காணும் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு மலரைக் குறிக்கும். சூல்கொண்ட மலர்கள் சுளையாக, ஏனையவை சடையாக நின்றுவிடும். ஆகவே முள்ளுக்கும் சுளைக்கும் உறவுண்டு என்னும் உள்ளுணர்வு பொருளற்றதன்று. ஆயின் எத்தனை மலர் சூல்கொள்ளும் என்பது மகரந்தச் சேர்க்கையைப் பொறுத்தது. ஆதலின் மாறாத வாய்பாடு ஒன்றினுள் அதனை அடக்குதல் இயலாது. இவ்வினாவின் பயன் விடையின் துல்லியத்தில் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் பயிலும் சிறுவன் தன் வீட்டு முற்றத்துப் பழத்தை எண்ணிப் பார்க்க ஓடுகின்றானே, அதுவே பயன். நூலின் விடையைச் சோதித்தற்கு இடந்தரும் வினா, சோதிக்க இடந்தராத வினாவினும் சிறந்தது.

6. மணிமேகலை காட்டும் நால்வகை விடை

இனி, நம் பொருளுக்கு இன்றியமையாத பகுதிக்கு வருவோம். மணிமேகலையின் இறுதிக் காதையாகிய முப்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அறம் உரைக்கின்றார். அவ்விடத்து, வினாவிற்கு விடை கூறும் முறை நான்கு என்கின்றார். அவை துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன. பாலிமொழிப் பௌத்த நூல்களிலும் இந்நால்வகை காணப்படும். சாத்தனார் ஒவ்வொன்றற்கும் எடுத்துக்காட்டும் தந்துள்ளார். தோன்றிய பொருள் அழியுமோ எனின் அழியும் என்றல் துணிந்து சொல்லல். இறந்தவன் மீண்டும் பிறப்பானோ எனின், பற்று அற்றவனா, அல்லாதவனா எனப் பகுத்துக் கேட்டல் கூறிட்டு மொழிதல். முட்டையும் பனையும் ஆகிய இரண்டனுள் எது முந்தியது எனின், எந்த முட்டைக்கு எந்தப் பனை என எதிர்வினாவுதல் வினாவின் விடுத்தல். வானத்துப் பூப் பழையதோ புதியதோ எனின் விடை கூறாதிருத்தல் வாய்வாளாமை.

நால்வகை விடை உண்டெனின், அவற்றிற்குரிய வினாக்களும் நால்வகைப்படும் என்பது தானே பெறப்படும். பொது அறிவு நூல்கள் எல்லா வினாவையும் முதல்வகையாகவே கொண்டு, ஒவ்வொன்றற்கும் ஒரே விடை தருகின்றன. பிழைகள் பிறப்பது இங்கேதான். சில எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்குவாம்.

‘ஒரு விநாடி முந்தைய கணக்கில் எத்தனை நொடி?’ என்பது துணிந்து சொல்லற்குரியது; வரையறையினாற் பெறப்படுவதாகலின் 24 என்பதில் ஐயமில்லை. ஆயின் துணிந்து சொன்ன விடையும் காலத்தால் மாறுதல் உண்டு. ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் ஒன்பது எனப் பல தலைமுறை மாணவர் ஓதினர். 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்தபோது புளூட்டோ குறுங்கோள் எனப் பிரிக்கப்பட்டது, கோள்கள் எட்டாயின. வானத்தில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது சொல்லின் பொருளே.

‘தமிழில் முதலில் அச்சேறிய நூல் யாது?’ என்பது போட்டிகளிற் பெரிதும் வழங்கும் வினா. தம்பிரான் வணக்கம், 1578 என்பது விடையாகத் தரப்படும். அது கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பெற்றது. ஆயின் அதற்கு முன்பே 1554-இல் லிசுபனில் தமிழ்மொழி நூலொன்று உரோமன் எழுத்தில் அச்சேறியுள்ளது. ஆகவே, தமிழ்மொழியிலா, தமிழெழுத்திலா எனக் கூறிட்டே இவ்வினாவிற்கு மொழிதல் வேண்டும். ‘உலகில் மிக உயர்ந்த மலை யாது?’ என்பதும் இத்தகையதே. கடல் மட்டத்திலிருந்து அளப்பின் எவரெஸ்டு. 2020-இல் நேபாளமும் சீனமும் அறிவித்தவாறு அதன் உயரம் 8,848.86 மீட்டர். கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளப்பின் அவாய்த் தீவின் மௌனா கியா அதனினும் உயர்ந்தது. எனினும் கடலுக்கு மேல் அதன் உயரம் 4,207 மீட்டரே. புவியின் நடுவிலிருந்து அளப்பின், ஈக்வடார் நாட்டுச் சிம்போராசோவின் உச்சியே மிகத் தொலைவில் உள்ளது. புவி நடுவரையில் புடைத்திருத்தலே இதற்குக் காரணம். ஒரு சொல்லில் விடை கூறிய மாணவனினும், எங்கிருந்து அளப்பது என்று தயங்கிய மாணவன் மிகுதியாக அறிந்தவன்.

‘ஆண்டு ஒன்றுக்கு நாள் எத்தனை?’ எனின், எந்த ஆண்டுக்கு என வினாவின் விடுத்தலே முறை. ஞாயிற்றாண்டாயின் 365 அல்லது 366. இசுலாமியர் கொள்ளும் திங்களாண்டாயின் 354 அல்லது 355.

‘நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டடம் யாது?’ என்னும் வினா பொது அறிவு நூல்கள் பலவற்றில் இடம்பெற்று, சீனப் பெருஞ்சுவர் என விடையும் பெற்றுள்ளது. நிலவு புவியிலிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெருஞ்சுவர் நீண்டதாயினும் அகலத்தில் சில மீட்டரே. அத்தொலைவிலிருந்து மக்கள் எடுத்த எக்கட்டடமும் வெறுங்கண்ணுக்குப் புலனாகாது. இல்லாததை உள்ளதாகக் கொண்டு எழுந்தமையின் இவ்வினா வானத்துப் பூவை ஒத்தது. இதற்குரிய விடை வாய்வாளாமையே. ஆயின் போட்டியில் வாய்வாளாதிருந்தவன் தோற்பான். பொய்யை ஓதியவன் வெல்வான். வினாவைப் பிழையாக அமைத்தலின் தீங்கு இத்தகையது.

7. வினாவிடை நூல்களும் தேர்வுகளும்

வினாவும் விடையும் நிலைபெற்ற வடிவில் நூலாக அச்சேறியதும் தமிழுக்குப் புதிதன்று. 1579-இல் கொச்சியில் அச்சிடப்பெற்ற கிரிசித்தியானி வணக்கம் ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையை இயற்றினார். சமயம் வேறாயினும் முறை ஒன்றே. கொள்கைகளை ஐயத்திற்கிடமின்றி இளையோர் மனத்திற் பதித்தல் அந்நூல்களின் நோக்கம். அந்நோக்கிற்கு அம்முறை முற்றும் பொருந்தியது. ஆயின் அதே முறையை உலகியலறிவிற்கும் ஏற்றியபோது, நெட்டுருவே அறிவென்னும் மயக்கம் பிறந்தது.

இன்று இம்மயக்கம் விளையாட்டளவில் நிற்கவில்லை. அரசுப் பணித் தேர்வில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அங்கு ஒரு வினாவின் மதிப்பெண் ஓர் இளைஞனின் வாழ்க்கையை மாற்றவல்லது. கூறிட்டு மொழியவேண்டிய வினாவைத் துணிந்து சொல்லும் வினாவாக அமைப்பின், மிகுதியாகப் படித்தவனே இடர்ப்படுவான். அவனுக்கு இரண்டு விடைகள் சரியாகத் தோன்றும். தேர்வாணையங்கள் விடைக்குறிப்பினை வெளியிட்டு மறுப்புரைகளை ஏற்றுக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டுள்ளமை இவ்விடரைக் களைதற்கேயாம்.

வினாவிய பின்னரும் விடையை ஆராயும் இம்மரபிற்குப் பழங்கதை ஒன்று அரணாக நிற்கின்றது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் யாவரும் அறிந்தது. மகளிர் கூந்தற்கு இயற்கை மணம் உண்டோ என்னும் பாண்டியனின் ஐயத்திற்கு விடையாக வந்த பாட்டை மன்னன் மகிழ்ந்து ஏற்றான். பரிசிலும் தர இசைந்தான். எனினும் சங்கத்து நக்கீரர் பொருட்குற்றம் எடுத்துரைத்தார். பரிசில் தருவோன் உவந்தான் என்பதனாலேயே விடை மெய்யாகிவிடாது என்பது அக்கதை உணர்த்தும் நெறி.

8. தொகுப்புரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நல்ல அறிவு வினாவிற்குரிய இலக்கணம் சில புலனாகும். வினாவும் வழுவுடைத்தாதல் கூடும் என்னும் எச்சரிக்கை தொல்காப்பியத்தாற் பெறப்படுவது. எதிரியின் அறிவை அறிதலோடு அவனுக்கு மெய்ம்மையைக் காட்டுதலும் வேண்டும் என்பது உரைமரபாற் பெறப்படுவது. இயன்றவரை விடைக்குரிய கருவியை வினாவினுள்ளேயே வைத்தல் பிசியாலும், விடையைத் தானே சரிபார்க்க இடந்தருதல் வினாவுத்தரத்தாலும் கணக்கதிகாரத்தாலும் அறியப்படுவன. வினா நான்கனுள் எவ்வகையைச் சார்ந்தது எனத் தேர்ந்த பின்னரே அதனைப் போட்டிக்கோ தேர்விற்கோ கொள்ளுதல் மணிமேகலை தரும் படிப்பினை. துணிந்து சொல்லற்குரியனவே ஒற்றை விடைப் போட்டிக்கு உரியன. ஏனையவற்றைச் சொற்போருக்கும் கட்டுரைக்கும் விடுதல் தகும்.

நன்னூற் பொதுப்பாயிரம், ஆசிரியர் உரைத்ததை அமையக் கொண்டவனும் கால்பங்கே பெறுவான் என்றும், உடன் கற்போரோடு பயின்று மற்றொரு கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்து எஞ்சிய அரைப்பங்கும் பெறுவான் என்றும் கூறுகின்றது. வினாவுதலும், வினாவியவற்றிற்கு விடுத்தலும் மாணாக்கன் கடன் என்பதும் அந்நூலின் துணிபு. போட்டி முடிந்த பின்னர், இது ஏன் சரி, அது ஏன் பிழை என்று மாணவர் தம்முள் வாதிடும் சிறுபொழுதில் அவ்விரண்டாங் கால்பங்கு விளைகின்றது; தம் தோழர்க்கென அவர்களே வினாக்களை அமைக்கத் தொடங்கும்போது எஞ்சிய அரைப்பங்கும் விளையும். ஆதலின், பள்ளிகளில் இப்போட்டியை நடத்துவோர் விடை கேட்பதோடு அமையாது, மாணவரை வினா அமைப்போராகவும் ஆக்குதல் வேண்டும். வினாவை அமைக்கக் கற்றவன் பிழைபட்ட வினாவைக் கண்டு அஞ்சான். அதனைக் கூறிட்டு மொழிவான்.